சுரங்கம் விட்டுச்சென்ற நிலத்துக்கு மண் எப்போது திரும்பும்?

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஓர் உத்தரவு, பெற வேண்டிய கவனத்தைப் பெறாமலேயே கடந்துபோனது. சுரங்கப் பணி முடிந்த பின், தோண்டிய இடத்திலும் அதனால் சீர்குலைந்த பிற இடங்களிலும் குத்தகைதாரர் மீண்டும் புல் வளர்க்க வேண்டும். தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் தழைக்கத்தக்க நிலைக்கு அந்நிலத்தைக் கொண்டுவர வேண்டும். இதனைச் சுரங்கக் குத்தகைகளின் நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. அதற்கான செலவையும் குத்தகைதாரரே ஏற்க வேண்டும் என்றது.

படிப்பதற்கு எளிய கட்டளைதான். ஆனால், புல் முளைப்பதற்கு முதலில் மண் வேண்டும். திறந்தவெளிச் சுரங்கம் தன் முதல் நாள் வேலையில் அழிப்பது அந்த மண்ணைத்தான். கனிமம் தீர்ந்த பின் குழியை மூடிச் சமன்செய்து மரக்கன்றுகளை நட்டுவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. நட்ட கன்று எதில் வேர் விடப்போகிறது என்று கேட்பவர் குறைவு. மண்ணியல் பயின்றவன் என்ற முறையில் இந்தக் கேள்வியையே முதன்மையானதாக நான் கருதுகிறேன். இதற்கு ஒரு பகுதி விடையாக, நம் ஊர்களில் எளிதாகத் தயாரிக்கக்கூடிய மண்புழு உரத்தைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறேன். அது எப்படி உதவுகிறது, எந்த அளவுக்கு உதவும், எங்கே உதவாது என்ற மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மண் வேறு, மண்மேடு வேறு

நெய்வேலியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு டன் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்கு 5 கன மீட்டருக்கும் அதிகமான மணலையும் களியையும் மணற்பாறையையும் அகற்ற வேண்டியிருக்கிறது. பல பத்து மீட்டர் ஆழத்திலிருந்து ராட்சதச் சக்கர இயந்திரங்கள் வாரி எடுத்துக் குவிக்கும் அந்தப் பொருளைப் பேச்சுவழக்கில் ‘மண்’ என்கிறோம். உண்மையில் அது மண்ணன்று. லட்சக்கணக்கான ஆண்டுகளாக வெளிச்சமும் காற்றும் வேரும் தொடாமல் புதைந்துகிடந்த படிவம் அது.

விளைநிலத்தின் மேல் ஓரடி மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். மணலும் வண்டலும் களியும் தனித்தனியாக இல்லாமல், கடுகளவு, மிளகளவு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி வெற்றிடமே. அந்த இடைவெளிகளில்தான் நீரும் காற்றும் இடம்பிடிக்கின்றன. உருண்டைகளைப் பிணைத்து வைத்திருப்பவை இலைதழை மக்கி உண்டான கரிமப் பொருளும், நுண்ணுயிர்களின் பசைகளும், வேர்ப்பூஞ்சைகளின் மெல்லிய இழைகளும் ஆகும். ஒரு சென்டிமீட்டர் மேல்மண் இப்படி உருவாவதற்கு நூற்றாண்டுகள் பிடிக்கும்.

மாணவர்களுக்கு இதை விளக்க ஓர் எளிய சோதனையை நான் சொல்வதுண்டு. இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்பி, ஒன்றில் தோட்டத்து மண்கட்டியையும் மற்றொன்றில் சுரங்கக் கழிவு மேட்டின் மண்கட்டியையும் மெல்ல இட வேண்டும். தோட்டத்துக் கட்டி நெடுநேரம் உருக்குலையாமல் நிற்கும். கழிவு மேட்டுக் கட்டி பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் சரிந்து, நீரைக் கலக்கி, அடியில் சேறாகப் படியும். வடகிழக்குப் பருவமழையின்போது மேடு முழுவதிலும் நிகழ்வது இதுதான். சரிவுகளில் மழைநீர் வாய்க்கால்களாக அறுத்துக்கொண்டு ஓடும். சமதளத்தில் கரைந்த களி மேற்பரப்பில் ஏடுபோல் படிந்து, வெயில் வந்ததும் ஓடாக இறுகிவிடும். விதை விழுந்தாலும் முளை உள்ளே இறங்க முடியாது.

இதை அறிந்துதான், தோண்டுமுன் மேல்மண்ணைத் தனியே வழித்தெடுத்துச் சேமித்துப் பின்னர் பரப்ப வேண்டும் என்று சுரங்க விதிகள் கூறுகின்றன. சரியான விதிதான். ஆனால், எடுத்த மேல்மண்ணை மலைபோல் குவித்துப் பல ஆண்டுகள் விட்டுவைத்தால், குவியலின் உட்பகுதிக்குக் காற்றுச் செல்வதில்லை. வேர்ப்பூஞ்சைகள் குன்றுகின்றன, மண்புழுக்கள் மடிகின்றன. திரும்பப் பரப்பும்போது உருவத்தில் மேல்மண்ணாகவும் உயிரளவில் வறியதாகவும் அது இருக்கும். பழைய சுரங்கங்கள் பலவற்றில் மேல்மண் சேமிக்கப்படவே இல்லை என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புழுவின் குடலில் நடப்பது

மண்புழுக்களின் வேலையை முறையாக அளந்து பார்த்தவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் டார்வின். 1881இல் வெளியான தம் கடைசி நூலை அவர் மண்புழுக்களுக்கே ஒதுக்கினார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுதோறும் பத்து டன்னுக்கும் அதிகமான உலர்மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று அவர் கணக்கிட்டார். தமிழகத்தில் மண்புழுவை ஆய்வுக்கூடத்திலிருந்து உழவர்களின் தொழுவத்துக்குக் கொண்டுசேர்த்ததில் சென்னைப் புதுக்கல்லூரியில் பணியாற்றிய சுல்தான் அகமது இஸ்மாயிலின் பங்கு பெரிது.

மண்புழு உரம் என்பது சாணமும் இலைதழையும் பயிர்க்கழிவும் புழுக்களின் உடல் வழியே சென்று வெளிவந்த எச்சம். புழுவின் அரைவைப்பை கழிவை நுணுக்குகிறது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கின்றன. குடற்சளி அதனுடன் கலக்கிறது. வெளிவரும் எச்சத்தில் பயிர் எளிதில் எடுத்துக்கொள்ளக்கூடிய வடிவில் தழை, மணி, சாம்பல் சத்துகள் உள்ளன. ஆனால், சத்துகளின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். உரக் கட்டுப்பாட்டு ஆணை மண்புழு உரத்துக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சத் தழைச்சத்து 1 விழுக்காடு மட்டுமே. யூரியாவிலோ அது 46 விழுக்காடு. எனவே, மண்புழு உரத்தை வெறும் சத்துமூட்டையாகக் கருதினால் அதன் பயன் விளங்காது.

சுரங்க நிலத்தில் அதன் உண்மையான பயன் நான்கு வகையானது. முதலாவது, கரிமம். அதே ஆணையின்படி அதில் குறைந்தது 18 விழுக்காடு அங்ககக் கரிமம் இருக்க வேண்டும். கழிவு மேட்டில் ஏறக்குறைய இல்லாத பொருள் இதுதான். மணலையும் களியையும் உருண்டைகளாகப் பிணைக்கும் வேலை இதிலிருந்துதான் தொடங்குகிறது. இரண்டாவது, நீர்ப்பிடிப்பு. மணற்பாங்கான மேட்டில் மழை நின்ற சில நாள்களிலேயே கன்று வாடிவிடும்; குழியில் கலந்த மண்புழு உரம் அந்த நாள்களை நீட்டித்துக் கொடுக்கிறது. மூன்றாவது, நுண்ணுயிர். புழு எச்சத்தோடு சேர்ந்து வரும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் உயிரற்ற நிலத்தில் முதல் குடியேறிகளாகின்றன. நான்காவது, சத்துகளைப் பிடித்துவைக்கும் திறன். ரசாயன உரத்தை மணல்மேட்டில் இட்டால் அடுத்த மழையில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும். மண்புழு உரத்தில் உள்ள ஹியூமிக் பொருள்கள் சுண்ணாம்பு, மெக்னீசியம், சாம்பல்சத்து ஆகியவற்றைத் தம்மோடு பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல வேருக்குக் கொடுக்கின்றன.

இந்த ஹியூமிக் பொருள்களுக்கு மற்றொரு குணமும் உண்டு. செம்பு, ஈயம் போன்ற உலோக அயனிகளை அவை இறுகப் பற்றிக்கொள்கின்றன. மண்ணில் உலோகத்தின் மொத்த அளவு குறைவதில்லை. செடியின் வேருக்குள் நுழையக்கூடிய பகுதி குறைகிறது. நச்சு உலோகம் மிகுந்த கழிவில் ஒரு புல் முளைப்பதற்கும் முளைக்காமல் போவதற்கும் இடையே உள்ள வேறுபாடு சில நேரங்களில் இவ்வளவுதான்.

உரத்தை இடலாம், புழுவை விடலாமா?

இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். உரப்படுக்கையில் வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜீனியே போன்ற புழுக்கள் சாணத்திலும் மக்கும் இலைக்குவியலிலும் வாழ்பவை. அவை மண்ணைத் துளைத்து வாழும் இனங்கள் அல்ல. சுரங்க மேட்டில் கொண்டுபோய் விட்டால், உணவும் ஈரமும் இன்றிச் சில நாள்களில் மடிந்துவிடும். மண்ணுக்குள் வளை தோண்டி, மேலும் கீழும் மண்ணைக் கலக்கி, மழைநீர் இறங்க வழி செய்வது லாம்பிட்டோ மௌரிட்டீ போன்ற நம் நிலத்துப் புழுக்கள். அவற்றைப் பொட்டலத்தில் வாங்கிவர முடியாது; அவை வாழக்கூடிய நிலையை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

அந்தப் புழுக்கள் தாமாகவே வந்து சேரும் என்று காத்திருப்பதும் எளிதன்று. நெதர்லாந்தில் கடலிலிருந்து மீட்கப்பட்ட நிலங்களில் தொடக்கத்தில் மண்புழுக்களே இல்லை. அங்கே புல்வெளிகளில் புழுக்களை விட்டு, அவை பரவும் வேகத்தை ஆய்வாளர்கள் அளந்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு மேல் அவை முன்னேறவில்லை. இந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள மேட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடக்க நூறு ஆண்டுகள் தேவைப்படும். நம் வெப்பநிலத்தில் வேகம் மாறுபடலாம். ஆனால், இயற்கை தானே சரிசெய்துவிடும் என்று கைகட்டி நிற்பவர்கள் எவ்வளவு காலத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

எனவே வரிசைமுறை முக்கியம். முதலில் மண்புழு உரமும், வேர்முடிச்சு வழியே காற்றிலுள்ள தழைச்சத்தை நிலத்தில் சேர்க்கும் கொழிஞ்சி, சணப்பு, அகத்தி போன்ற செடிகளும், கொழுக்கட்டைப் புல் போன்ற வறட்சி தாங்கும் புற்களும். ஓரிரு பருவங்களில் அவற்றின் தழை உதிர்ந்து, மூடாக்காகப் படிந்து, நிழலும் ஈரமும் உண்டான பின் புங்கம், வேம்பு, வாகை, நெல்லி. அருகில் உள்ள நல்ல நிலத்திலிருந்து சில கூடை உயிர்மண்ணைக் கொண்டுவந்து மேட்டின் ஆங்காங்கே இட்டால், நிலத்துப் புழுக்களின் முட்டைக்கூடுகளும் வேர்ப்பூஞ்சை வித்துகளும் அதனோடு வரும். மேட்டின் நடுவிலேயே பல இடங்களில் புழுக்கள் குடியேறினால், அவை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு ஊர்ந்துவரக் காத்திருக்க வேண்டியதில்லை.

எல்லாச் சுரங்கமும் ஒன்றல்ல

மண்புழு உரத்தைச் சர்வரோக நிவாரணிபோல் விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் சேர நான் விரும்பவில்லை. சுரங்கத்துக்குச் சுரங்கம் நோய் வேறு, மருந்தும் வேறு.

நெய்வேலி மேடுகளின் முதன்மையான குறை வறுமை. கரிமமும் தழைச்சத்தும் நுண்ணுயிரும் இல்லாமை. மண்புழு உரம் மிகுதியாகப் பலன் தரக்கூடிய இடம் இத்தகையதே. உரமிட்டு, பசுந்தாள் பயிர் ஏற்றி, சரிவுகளில் வெட்டிவேர் நட்டால் சில ஆண்டுகளில் நிலத்தின் தன்மை மாறத் தொடங்கும்.

சேலத்துக்கு வருவோம். ஏற்காடு மலையடிவாரத்தில், ஆங்கிலேயர் ‘சுண்ணக் குன்றுகள்’ என்று பெயரிட்ட வெள்ளைக்கல் பகுதியில் நெடுங்காலமாக மேக்னசைட் வெட்டப்பட்டுவருகிறது. அங்கே கழிவு மேட்டில் காரத்தன்மை மிகுதி. கால்சியத்தைவிட மெக்னீசியம் பன்மடங்கு மிகுந்திருப்பதால் செடி சுண்ணாம்புச் சத்தின்றித் தவிக்கும். தாய்ப்பாறையின் இயல்பால் நிக்கல், குரோமியம் ஆகியவையும் கூடுதலாக இருக்கும். இங்கே மண்புழு உரம் மட்டும் போதாது. கால்சியம் தரும் ஜிப்சத்தோடு சேர்த்தே அதை இட வேண்டும். அந்தச் சூழலுக்குப் பழகி ஏற்கெனவே பாறையிடுக்குகளில் வளர்ந்துநிற்கும் உள்ளூர்ச் செடிகளின் விதைகளையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

கந்தகம் கலந்த இரும்புத்தாது உள்ள நிலக்கரிச் சுரங்கக் கழிவில் நிலைமை நேர்மாறானது. காற்றும் நீரும் பட்டவுடன் அது அமிலமாகிறது. கார அமில அளவு 4க்குக் கீழே இறங்கிய மேட்டில் எத்தனை கூடை மண்புழு உரம் கொட்டினாலும் பயனில்லை. முதலில் சுண்ணாம்பு இட்டு அமிலத்தைத் தணிக்க வேண்டும். உரம் அதன் பின்னர்தான்.

கோலார் தங்கவயல் மற்றொரு வகை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. மாவாக அரைக்கப்பட்டு, சயனைடு கரைசலில் தங்கம் பிரித்தெடுக்கப்பட்ட பின் எஞ்சிய பாறைத்தூள், ‘சயனைடு மேடு’ என்ற பெயரில் குடியிருப்புகளுக்கு அருகிலேயே குன்றுகளாக நிற்கிறது. காற்று வீசும் மாதங்களில் அந்தத் தூள் வீடுகளுக்குள் வருகிறது. அங்கே செடி வளர்ப்பது விளைச்சலுக்காக அன்று, தூசியை அடக்குவதற்காக. தூளை வேர்களால் கட்டிப்போடும் புல்போர்வை கிடைத்தாலே அது மக்களின் நுரையீரலுக்குப் பெரும் காப்பு. ஆனால், இத்தகைய இடத்தில்தான் மிகுந்த எச்சரிக்கையும் தேவை.

எச்சரிக்கைகள்

தங்கத்தாதுடன் ஆர்செனிக் கலந்த கனிமங்கள் சேர்ந்து வருவது உலகெங்கும் காணப்படும் ஒன்று. ஈயத்தையும் செம்பையும் பற்றிக்கொள்ளும் மண்புழு உரம், ஆர்செனிக்கைப் பொறுத்தவரை எதிர்விளைவை உண்டாக்கக்கூடும். உரத்தில் உள்ள பாஸ்பேட்டும் கரையும் கரிமமும் மண்துகளில் ஒட்டியிருக்கும் ஆர்செனிக்கை இடம்பெயர்த்து நீரில் கலக்கச் செய்யலாம். நல்லெண்ணத்துடன் இட்ட உரம் நிலத்தடி நீரைக் கெடுத்துவிடக் கூடாது. எனவே, உலோகத் தாதுச் சுரங்கங்களில் முன்பரிசோதனை இன்றி மண்புழு உரம் இடுவது தவறு. அத்தகைய நிலத்தில் தீவனப் புல்லையோ கீரையையோ உண்ணத்தக்க கனிமரத்தையோ வளர்ப்பதும் தவறு. நிலம் பசுமையாக இருப்பது வேறு. அதில் விளைந்ததை உண்ணலாம் என்பது வேறு.

இரண்டாவது, உரத்தின் தரம். பிரிக்கப்படாத நகரக் குப்பையிலிருந்து தயாரித்த உரத்தில் காட்மியமும் ஈயமும் பிளாஸ்டிக் துணுக்குகளும் இருக்க வாய்ப்புண்டு. புழுக்கள் உலோகத்தை அழிப்பதில்லை. ஒரு பகுதியைத் தம் உடலில் சேர்த்துக்கொள்கின்றன, மீதியை எச்சத்தில் விட்டுவிடுகின்றன. அந்தப் புழுக்களைத் தின்னும் பறவைகளுக்கும் அது சென்று சேரும். ஒரு கிலோ மண்புழு உரத்தில் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் ஈயம் 100 மில்லிகிராமுக்கும் மிகக் கூடாது என்ற வரம்பு சட்டத்திலேயே உள்ளது. சுரங்க நிலம்தானே, எதைக் கொட்டினால் என்ன என்ற அலட்சியம் வந்துவிட்டால், மீட்பு என்ற பெயரில் மற்றொரு குப்பைமேட்டையே உருவாக்குவோம்.

மூன்றாவது, காலம். ஒரு முறை இட்ட உரம் இரண்டு, மூன்று ஆண்டுகளில் சிதைந்து கரைந்துவிடும். அதற்குள் செடிகள் வேரூன்றித் தங்கள் சருகை நிலத்துக்குத் தரத் தொடங்கியிருக்க வேண்டும். மண்புழு உரம் ஒரு கைக்கடன். அதை வைத்து நிலம் தன் சொந்த வருவாயை ஈட்டத் தொடங்காவிட்டால் கடன் வீண்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இவ்வளவு உரத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. ஒரு ஹெக்டேரில் இரண்டு மீட்டர் இடைவெளியில் 2,500 குழிகள் எடுத்து, குழிக்கு 5 கிலோ இட்டால் 12.5 டன் தேவை. மேடு முழுவதும் பரப்பாமல் குழியில் மட்டும் இடுவதால் இந்த அளவு போதும். 100 ஹெக்டேர் நிலத்தை ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்கு 20 ஹெக்டேர் வீதம் மீட்பதாகக் கொண்டால் ஆண்டுக்கு 250 டன் உரம் வேண்டும். ஒரு டன் கழிவிலிருந்து 400 முதல் 500 கிலோ வரை மண்புழு உரம் கிடைக்கும் என்பதால், 500 முதல் 625 டன் வரை சாணமும் இலைதழையும் தேவைப்படும். இதில் பாதி சாணம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாடு நாளொன்றுக்கு 10 கிலோ சாணம் இட்டால் ஆண்டுக்கு மூன்றரை டன்னுக்குச் சற்று மேல். ஆக, எண்பது தொண்ணூறு மாடுகளின் சாணமும் அதே எடையுள்ள பயிர்க்கழிவும் போதும். சுரங்கத்தைச் சுற்றியுள்ள இரண்டு, மூன்று சிற்றூர்களால் எளிதாகத் தரக்கூடிய அளவுதான் இது.

சாணத்தையும் தழையையும் உரமாக்க இரண்டு, மூன்று மாதங்கள் போதும். ஓலைக் கொட்டகையும் தொட்டிகளும் தண்ணீரும் நிழலும் இருந்தால் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதை நடத்த முடியும். பல ஊர்களில் நடத்தியும் வருகிறார்கள். அவர்களுடைய குறை தொழில்நுட்பம் அன்று. நிலையான கொள்முதல் இல்லாமை. சுரங்க நிறுவனமே ஆண்டு ஒப்பந்தத்தில் உரத்தை வாங்கினால் அந்தக் குறை தீரும். 2015 சட்டத் திருத்தத்தின் வழியே உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளைகளின் நிதி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்கும் சுற்றுச்சூழலுக்கும் உரியது. கொட்டகை அமைக்கவும் உரத்தைப் பரிசோதிக்கவும் அந்த நிதியிலிருந்து ஒதுக்குவதற்குத் தடையேதும் இல்லை.

இதில் பணத்தைவிடப் பெரிய ஒன்றும் இருக்கிறது. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழகம் பார்த்தது. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனத் தரப்பு கூறியது. கண்ணெதிரே பயிர் புரட்டப்படுவதைப் பார்த்தவர்களின் வேதனை அந்த விளக்கத்தால் தணியவில்லை. ஓர் உழவர் குடும்பம் நிலத்தை இழக்கும்போது, தலைமுறைகளாகச் சாணமும் தொழுவுரமும் இட்டுத் தேற்றிய மண்ணையும் சேர்த்தே இழக்கிறது. இழப்பீட்டுப் பட்டியலில் மனைக்கும் மரத்துக்கும் கிணற்றுக்கும் விலை உண்டு. அந்த உழைப்புக்கு வரியே கிடையாது. மண்ணைத் தேற்றத் தெரிந்த அதே கைகளுக்கு, சுரங்கம் விட்டுச்சென்ற நிலத்தைத் தேற்றும் வேலையையும் அதற்கான ஊதியத்தையும் தருவது குறைந்தபட்ச நியாயம்.

எதை அளக்கிறோம்?

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் நடைபெறுவதில்லை? நாம் எதை அளக்கிறோமோ அதுவே நடைபெறும் என்பதுதான் விடை என்று நான் நினைக்கிறேன். சுரங்க மூடல் திட்டங்கள் சட்டப்படி கட்டாயம். நிலக்கரிச் சுரங்கங்களில் மூடலுக்கான தொகையைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே செலுத்தும் ஏற்பாடும் 2009 முதல் உண்டு. ஆனால், மீட்பு நடந்ததா என்று பார்க்கும்போது, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையும் பசுமையான பரப்பும்தான் அறிக்கைகளில் முதலிடம் பெறுகின்றன. பெரிய திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்களின் மீட்புப் பணி செயற்கைக்கோள் படங்கள் மூலம் கண்காணிக்கப்படுகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும், செயற்கைக்கோள் இலையைப் பார்க்கிறது, வேரைப் பார்ப்பதில்லை. தைலமரத் தோப்பும் சீமைக் கருவேலப் புதரும்கூட மேலிருந்து பார்த்தால் பசுமைதான். அவற்றின் அடியில் ஓடாக இறுகிய தரை அப்படியே இருக்கலாம்.

ஆகவே, மூடல் சான்றிதழ் வழங்குமுன் சில எளிய மண் அளவீடுகளைக் கட்டாயமாக்க வேண்டும். அங்ககக் கரிமம் எத்தனை விழுக்காடு? மண்ணுருண்டை நீரில் கரையாமல் நிற்கிறதா? ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மழைநீர் உள்ளே இறங்குகிறது? ஓரடிச் சதுரம் தோண்டினால் எத்தனை மண்புழுக்கள் தென்படுகின்றன? அருகில் உள்ள தோண்டப்படாத நிலத்தின் அளவுகளோடு இவற்றை ஒப்பிட்டு, மூன்று, ஐந்து, பத்தாம் ஆண்டுகளில் ஊராட்சியின் முன்னிலையில் வெளியிட வேண்டும். இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மண்வெட்டியும் குவளையும் கடிகாரமும் இருந்தால் மேல்நிலைப் பள்ளி மாணவர்களே அளந்துவிடலாம். கரிமத்துக்கும் உலோகங்களுக்கும் மட்டும் ஆய்வகம் வேண்டும்.

மண்புழு எண்ணிக்கையை நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. நஞ்சு, வறட்சி, இறுக்கம், பட்டினி ஆகிய நான்கில் எது மிகுந்தாலும் புழு அங்கே தங்காது. உலகெங்கும் மண்ணின் நச்சுத்தன்மையைச் சோதிக்க மண்புழுவையே ஆய்வகங்கள் பயன்படுத்துவதும் இதனால்தான். நிலத்துப் புழு தானே வாழ்ந்து இனம்பெருக்கும் இடத்தில் மண் மீண்டுவருகிறது என்று பெருமளவு நம்பலாம்.

உச்ச நீதிமன்றம் கேட்டது புல்லை. அதை ஒரு பருவத்துக்கு லாரித் தண்ணீர் ஊற்றிப் பச்சையாகக் காட்டுவது கடினமன்று. தண்ணீர் லாரி வராத மூன்றாவது கோடையிலும் புல் நிற்க வேண்டுமானால் அடியில் மண் இருந்தாக வேண்டும். சுரங்கத்துக்கு அனுமதி தரும் நாளிலேயே, கனிமத்தின் அளவை எழுதும் அதே ஆவணத்தில், திருப்பித் தர வேண்டிய மண்ணின் அளவையும் தரத்தையும் எழுதிவைக்க அரசு முன்வர வேண்டும். தொழுவத்தில் சாணமும், அதைப் பொன்னாக்கத் தெரிந்த கைகளும் நம்மிடம் இருக்கின்றன. அவற்றைச் சுரங்க மேட்டுக்குக் கொண்டுசேர்க்கும் விதி ஒன்றுதான் இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது.